புகலிடக் கோப்பும் போர் நினைவும்: குட்மேய்ஸ் முதலான கிழக்கு இலண்டன் தமிழர் குடியிருப்புகளை முன்வைத்து

இலண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து கிழக்கே செல்லும் புகையிரதப் பாதையில் இல்ஃபோர்ட், செவன் கிங்ஸ் ஆகியவற்றை அடுத்து வருவது குட்மேய்ஸ். அதன் நிலையம் 1901இல் திறக்கப்பட்டது. அக்காலத்தில் எசெக்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 1965இல் பெரும் இலண்டன் விரிவுபடுத்தப்பட்டபோது ரெட்பிரிட்ஜ் நகரவையின் பகுதியாயிற்று. 1983ஆம் ஆண்டு ஜூலை வன்செயலுக்குப் பின்னர் ஈஸ்ட் ஹாம் வட்டாரத்தில் திரண்ட ஈழத்தமிழர், வீடு வாங்கும் வசதி ஏற்பட்டபோது இதே பாதையையொட்டி இல்ஃபோர்ட், செவன் கிங்ஸ், குட்மேய்ஸ் எனக் கிழக்கு நோக்கிப் பரவினர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழை முதன்மை மொழியாகப் பதிவுசெய்தோர் 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ ஓரிலட்சம். 2021இல் ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சம்.

இப்பாதை குட்மேய்ஸைக் கடந்து மேலும் கிழக்கே சென்று, மானிங்ட்ரீயில் ஒரு கிளை பிரிந்து ஹார்விச் துறைமுகத்தை அடைகின்றது. அத்துறையில் 1987ஆம் ஆண்டு ‘ஏர்ல் வில்லியம்’ என்னும் பழைய பயணிகள் கப்பலை உள்துறை அமைச்சு வாடகைக்கு அமர்த்திப் புகலிடம் கோரியோரைத் தடுத்து வைத்தது. அவர்களுட் பலர் தமிழர். அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் அதிகாலை தென் இங்கிலாந்தைத் தாக்கிய பெரும்புயலில் கப்பல் கட்டறுத்துத் தரைதட்டியது. உள்ளிருந்தோர் அதன்பின் தற்காலிக அனுமதியில் வெளியே விடப்பட்டனர். பிரித்தானியத் தமிழரின் குடியேற்ற வரலாறு எழுதப்படும்போது கோயில்கள், தமிழ்ப் பள்ளிகள், கடைவீதிகள் ஆகியவற்றுக்குக் கிடைக்கும் இடம் இக்கப்பலுக்குக் கிடைப்பதில்லை.

ஈழப்போரைப் பற்றி இலண்டனில் உருவான மிகப் பெரிய எழுத்துத் தொகுதி எது என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கம். நூலகங்களிலோ இதழ்த் தொகுப்புகளிலோ அதற்கு விடை தேட வேண்டியதில்லை. நாற்பதாண்டுகளாக ஆயிரக்கணக்கானோர் தம் மீதும் தம் குடும்பத்தார் மீதும் நிகழ்ந்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிப் பதியவைத்த இடம் புகலிடக் கோப்பு. நேர்காணல் பதிவு, வழக்கறிஞர் எழுதிய கூற்றறிக்கை, மருத்துவச் சான்று, மறுப்புக் கடிதம், மேன்முறையீட்டுத் தீர்ப்பு ஆகியன அதில் அடங்கும். வரலாற்றுக்காகவோ நீதிக்காகவோ அது தொகுக்கப்படவில்லை. ஒருவருக்கு இந்நாட்டில் தங்கும் உரிமை உண்டா இல்லையா என்பதை முடிவுசெய்வதற்காகத் தொகுக்கப்பட்டது. முடிவு கிடைத்ததும் கோப்பு மூடப்படுகின்றது. நினைவைக் காத்தலும் நீதி கோரலும் பற்றிய உரையாடல் இம்மூடிய கோப்புகளைக் கணக்கில் எடுக்காமலே பெரும்பாலும் நடைபெற்று வருகின்றது.

1. அச்சத்தை அளந்த நீதிமன்றுகள்

பொதுநலவாய நாடுகளின் குடிமக்கள் முன்னனுமதியின்றி வந்திறங்கலாம் என்றிருந்த வழக்கத்தை மாற்றி, இலங்கையருக்கு நுழைவிசைவு கட்டாயம் என 1985 மே மாதத்தில் பிரித்தானியா விதித்தது. பொதுநலவாய நாடொன்றின் மீது இத்தகைய விதி சுமத்தப்பட்டது அதுவே முதன்முறை. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழரைத் திருப்பியனுப்ப முயன்றபோது, அவர்களுட் சிலர் ஓடுதளத்திலேயே மேலாடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டினர். அவ்வாண்டிலேயே, உரிய ஆவணமில்லாத பயணிகளைக் கொண்டுவரும் விமான, கப்பல் நிறுவனங்களுக்குத் தண்டம் விதிக்கும் சட்டம் நிறைவேறியது. இன்று உலகின் எந்த விமான நிலையத்திலும் பயணச்சீட்டுப் பரிசோதிப்பவர் நுழைவிசைவையும் பார்க்கிறார் எனில், அந்த வழக்கத்தின் வேர்களுள் ஒன்று ஹீத்ரோவில் நின்ற அத்தமிழர் கூட்டத்தில் இருக்கின்றது.

1987 டிசம்பரில் பிரபுக்கள் சபை அளித்த ‘சிவகுமாரன்’ தீர்ப்பு அகதிச் சட்டத்தைக் கற்போர் எல்லாரும் அறிந்தது. அகதி உடன்படிக்கை கூறும் ‘நன்கு நிறுவப்பட்ட அச்சம்’ என்பது அஞ்சுபவரின் உள்ளத்தைக் கொண்டு அளக்கப்படுவதா, புறநிலையை ஆராயும் அமைச்சரின் மதிப்பீட்டைக் கொண்டு அளக்கப்படுவதா என்பதே வழக்கு. மேன்முறையீட்டு நீதிமன்று அஞ்சுபவரின் பக்கம் நின்றது. பிரபுக்கள் சபை அதை மாற்றிப் புறநிலை அளவையை நிலைநாட்டியது. 1988 பெப்ரவரியில் மனுதாரர் சிலர் இலங்கைக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். இந்திய அமைதிப்படை வடக்கில் நிலைகொண்டிருந்த காலம் அது. திரும்பியோருட் சிலர் தாம் பிடிக்கப்பட்டு அடியுதை பட்டதாகக் கூறினர். 1989 மார்ச்சில் குடிவரவு நடுவர் ஒருவர் அவர்களின் மேன்முறையீட்டை ஏற்றார். அவ்வாண்டு அக்டோபரில் அவர்கள் பிரித்தானியாவுக்கு மீண்டனர். எனினும், அவர்களைத் திருப்பியனுப்பியது ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கைக்கு முரணானதன்று என ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்று 1991 அக்டோபர் 30ஆம் நாள் ‘வில்வராஜா’ வழக்கில் தீர்த்தது.

இவ்விரு தீர்ப்புகளையும் சட்டவியலார் கோட்பாட்டுக்காகப் படிக்கின்றனர். வரலாற்று மாணவர் அவற்றை வேறு வகையில் படிக்க இடமுண்டு. 1987, 1988ஆம் ஆண்டுகளின் யாழ்ப்பாணத்தில் இளைஞர் ஒருவர் எந்தச் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டார், எவரால் எங்கே கொண்டுசெல்லப்பட்டார், எவ்வாறு விடுவிக்கப்பட்டார் என்னும் விவரங்கள் ஸ்ட்ராஸ்பூர்க் தீர்ப்பின் ‘வழக்கின் உண்மைகள்’ என்னும் பகுதியில் பத்தி எண்ணிட்டுக் காணப்படுகின்றன. வழக்கில் அவர்கள் தோற்றனர். ஆயினும் அமைதிப்படைக் காலத்துப் பொதுமக்கள் அனுபவத்துக்கு அனைத்துலக நீதிமன்றொன்றின் ஏட்டில் நிலைத்த பதிவுகளுள் ஒன்றாக அப்பத்திகள் எஞ்சியுள்ளன.

2. மொழிபெயர்ப்பில் முரணாகும் சொற்கள்

புகலிட நேர்காணல் தமிழில் நடைபெறுகின்றது; ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. இடையே நிற்பவர் மொழிபெயர்ப்பாளர். விண்ணப்பதாரரின் கூற்று நம்பத்தக்கதா என்பதைத் தீர்மானிப்பதில் கூற்றுகளுக்கிடையிலான முரண்களுக்குப் பெரும் இடமுண்டு. தமிழாய்வாளர் கவனிக்க வேண்டிய இடமும் இதுவே. ஏனெனில் முரண் எனத் தோன்றுவது பல வேளைகளில் மொழியின் இயல்பு.

‘அண்ணா’ என்னும் சொல் உடன்பிறந்தானையும் பெரியப்பாவின் மகனையும் அயல்வீட்டு மூத்தவனையும் குறிக்கும். அது ‘உடன்பிறந்தான்’ எனவே ஆங்கிலத்தில் ஏறிவிட்டால், குடும்ப விவரப் படிவத்தில் இரு சகோதரர் எனக் குறித்தவருக்கு நேர்காணலில் மூன்றாம் சகோதரன் தோன்றிவிடுகிறான். ‘சித்தி’, ‘மாமி’, ‘மச்சான்’ ஆகியவற்றின் நிலையும் இதுவே. காலக்குறிப்பும் அவ்வாறே: ‘நல்லூர்த் தேர் முடிஞ்ச கையோட’, ‘இடப்பெயர்வுக்குப் பிறகு’, ‘பாதை பூட்டின பிறகு’ என்பவை யாழ்ப்பாணத்தவருக்குத் துல்லியமான காலக்குறிகள். 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து மக்கள் பெருந்திரளாக வெளியேறியதையும், 2006 ஆகஸ்டில் ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டதையும் அறிந்தவர் அவற்றை உடனே நாட்காட்டியில் வைத்துவிடுவார். நேர்காணல் அலுவலருக்கோ அவை மழுப்பலாகத் தோன்றும். அவர் தேதி கேட்பார். சொல்பவர் ஊகித்து ஒன்றைச் சொல்வார். அடுத்த நேர்காணலில் வேறொன்றைச் சொல்வார்.

இவற்றினும் நுட்பமானது எழுவாய். ‘பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்’ என்னும் தொடரில் பிடித்தவர் யார் என்பது சொல்லப்படவில்லை. சொல்லாமலிருப்பதே பல ஆண்டுகள் உயிரைக் காத்த வழக்கம். இராணுவம், பொலிஸ், துணைக்குழு, இயக்கம் என எவரும் அந்த ‘ஆங்கள்’ ஆகலாம். ‘உதவி செய்தனான்’ என்பதும் அத்தகையதே. ஒரு வேளை உணவு கொடுத்தது முதல் ஆயுதம் ஏற்றியது வரை அச்சொல்லுள் அடங்கும். இலண்டனில் அச்சொல்லை விரித்துரைக்குமாறு கேட்கப்படுகின்றது. குறைத்துச் சொன்னால் இலங்கையில் ஆபத்தில்லை என மறுக்கப்படலாம்; கூட்டிச் சொன்னால் குற்றச்செயலில் பங்கேற்றவரென அகதிநிலையிலிருந்தே விலக்கப்படலாம். இந்த இடுக்கு வழியில் நின்று சொல்லப்பட்ட சாட்சியம் எவ்வளவு உண்மை, எவ்வளவு எச்சரிக்கை எனப் பிரித்தறியாமல் அதை வரலாற்று மூலமாகக் கையாள இயலாது. தமிழ்ப் பேச்சுவழக்கை அறியாத ஆய்வாளர் ஆங்கிலக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு இப்பணியைச் செய்ய முற்படுவதில் பயனில்லை.

3. உடல் என்னும் ஆவணம்

கூற்று நம்பப்படாதபோது உடல் சாட்சிக்கு அழைக்கப்பட்டது. 1945இல் இருபது வயதில் பெர்கன்-பெல்சன் முகாமில் நிவாரணப் பணியாற்றிய ஹெலன் பாம்பர் 1985இல் இலண்டனில் நிறுவிய மருத்துவ அறக்கட்டளை, இன்று ‘ஃப்ரீடம் ஃப்ரம் டோர்ச்சர்’ என அறியப்படுவது, சித்திரவதை வடுக்களை ஆராய்ந்து சட்டமருத்துவ அறிக்கை எழுதும் மரபை வளர்த்தது. போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்ட 2009 மே மாதத்துக்குப் பின்னர் இலங்கையில் நிகழ்ந்த சித்திரவதை பற்றி அது 2015 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை 148 பேரின் மருத்துவச் சான்றுகளை அடிப்படையாகக் கொண்டது. ஒருவரின் புகலிட வழக்குக்காக எழுதப்பட்ட சான்று பலரின் சான்றுகளோடு சேர்க்கப்பட்டபோது ஒரு காலகட்டத்தின் வரலாற்று ஆவணமாயிற்று. கோப்பிலிருந்து நினைவுக்குச் செல்லும் பாதை உண்டு என்பதற்கு இதுவே தெளிவான முன்னுதாரணம்.

குட்மேய்ஸில் 1901இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனைக்கு அக்காலத்தில் ‘வெஸ்ட் ஹாம் பரோ அசைலம்’ என்று பெயர். புகலிடத்தையும் மனநல விடுதியையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் குறித்த காலம் அது. பெயர் மாறிவிட்டது, ஆயினும் அகதியின் சொல் ஐயத்துக்குரியது, அவரது உடலும் உள்ளமும் மருத்துவரால் வாசிக்கப்பட வேண்டியவை என்னும் நோக்கு முற்றாக மறைந்துவிடவில்லை.

இந்நோக்கின் எல்லையைக் காட்டியது ‘கே.வி.’ என்னும் எழுத்துகளால் மட்டும் அறியப்படும் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கு. அவர் 2011இல் புகலிடம் கோரினார். விடுதலைப் புலிகளுக்காகத் தங்க நகைகளை உருக்கிக் கொடுத்ததனால் 2009இல் தடுத்து வைக்கப்பட்டு, காய்ச்சிய உலோகக் கம்பியால் சுடப்பட்டதாகக் கூறினார். முதுகில் நீண்ட வடுக்கள் ஐந்து, கையில் இரண்டு. கை வடுக்களின் ஓரம் மங்கலாகவும் முதுகு வடுக்களின் ஓரம் கூர்மையாகவும் இருந்தன. கையைச் சுட்டபோது நினைவோடிருந்து துடித்தார், முதுகைச் சுட்டபோது நினைவிழந்திருந்தார் என்று கொண்டால் வேறுபாடு விளங்கும் என்றார் மருத்துவர். மேல் தீர்ப்பாயமோ, புகலிடம் பெறும் பொருட்டுத் தம் வேண்டுகோளின்படியே பிறரைக் கொண்டு இவ்வடுக்களை அவர் உண்டாக்கிக் கொண்டிருக்கலாம் என்னும் விளக்கத்தை ஏற்றது. மேன்முறையீட்டு நீதிமன்று 2017இல் பெரும்பான்மை முடிவால் அதை உறுதிசெய்தது. நீதிபதி ஒருவர் மாறுபட்டார். 2019 மார்ச் 6ஆம் நாள் உச்ச நீதிமன்று அத்தீர்ப்பை நீக்கியது. மயக்கநிலையில் கிடந்து பிறரைக் கொண்டு தம்மைச் சுடவைக்கும் அளவுக்கு ஒருவர் செல்வது மிக அரிது என்பதற்கு உரிய நிறை தரப்படவில்லை என்றும், காயம் எவ்வாறு ஏற்பட்டது என்பதோடு நில்லாமல் அது உரைக்கப்பட்ட வரலாற்றோடு எவ்வளவு பொருந்துகின்றது என மருத்துவர் கருத்துரைப்பது முறையே என்றும் அது கூறி, வழக்கை மீள விசாரிக்க அனுப்பியது. 1999ஆம் ஆண்டின் இஸ்தான்புல் நெறிமுறை, உலகெங்கும் சித்திரவதைச் சான்றுக்கு அளவுகோலாக விளங்குவது, இத்தீர்ப்பின் மையத்தில் இருந்தது.

வடு தோன்றி ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்தே, அதைப் பற்றிய ஐயம் எந்த அளவுக்குச் செல்லலாம் என்பது இவ்வாறு வரையறுக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டுகளில் வழக்கின் பொருள் வடுவை உண்டாக்கியவர் யார் என்பதாக ஒருநாளும் இருக்கவில்லை. புகலிடச் சட்டத்தின் இயல்பு அது. சுட்டவரைத் தேடுவது அதன் வேலையன்று.

4. அரசின் கோப்பும் எண்ணின் பிறப்பும்

மறுபக்கத்தில் பிரித்தானிய அரசின் சொந்தக் கோப்புகள் உள்ளன. 1978 முதல் 1980 வரையிலான இலங்கை தொடர்பான ஏறத்தாழ 200 கோப்புகளை வெளிநாட்டு அமைச்சு அழித்துவிட்டமை 2018 மே மாதத்தில் பத்திரிகையாளர் ஃபில் மில்லரின் ஆய்வின் வழி வெளிவந்தது. பயங்கரவாதத் தடைச்சட்டம் இயற்றப்பட்டதும், பிரித்தானியப் பாதுகாப்பு ஆலோசகர்கள் கொழும்புக்குச் சென்றதும் அந்த ஆண்டுகளில்தான். 1981ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 இரவுகளில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்ததைத் தமிழுலகம் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றது. அலுவலக நடைமுறையாக ஒழுங்குப்படி நிகழும் அழிப்பில் தீயும் இல்லை, புகையும் இல்லை. ஆகவே நினைவு நாளும் இல்லை.

எஞ்சிய கோப்புகளும் அமைதியாக இருக்கவில்லை. 2009இல் கொழும்பில் பிரித்தானியப் பாதுகாப்பு இணைப்பாளராக இருந்த அதிகாரி அனுப்பிய அறிக்கைகளைத் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் கோரிப் பெற்ற நேஸ்பி பிரபு, அவற்றைக் கொண்டு இறுதிக்கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 7,000 அளவினரே என 2017 அக்டோபரில் பிரபுக்கள் சபையில் வாதிட்டார். அவருக்குக் கிடைத்த பக்கங்களில் பெரும்பகுதி மறைக்கப்பட்டிருந்தது. எனினும் அவ்வெண் கொழும்பு அரசியலில் விரைவாகப் பரவிற்று.

மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் ‘கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு’வின் முன் வைத்த கணக்கு வேறு வகையைச் சேர்ந்தது. 2008 அக்டோபரில் வன்னியின் மக்கள்தொகை 429,059 எனக் கச்சேரி குறித்திருந்தது. 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 282,380. எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று அவர் கேட்டார். இவர்கள் அனைவரும் இறந்தனர் என்று அவர் கூறவில்லை. அரசின் ஏட்டை வைத்து அரசிடம் வினவினார். பிற்காலத்தில் இவ்வெண் மேடைகளில் கொல்லப்பட்டோர் தொகையாகவே உரைக்கப்பட்டு வருவது, வினாவாக இருந்ததன் வலிமையைக் குறைத்துவிட்டது. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் 40,000 வரை எனவும், ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு 2012 நவம்பரில் 70,000க்கும் மேலாக இருக்கலாம் எனவும் கூறின. இவ்வெண்களின் வேறுபாடு, எந்தக் கோப்பை யார் திறந்தனர் என்பதன் வேறுபாடு. குட்மேய்ஸில் வாழும் ஒரு குடும்பம் வலைஞர்மடத்தில் இழந்தவரின் பெயரை இக்கணக்குகளுள் எதிலும் தேடிக் காண இயலாது.

2009 ஏப்ரல் 6 முதல் ஜூன் 17 வரை நாடாளுமன்றச் சதுக்கத்தில் 73 நாள்கள் நடந்த போராட்டத்தின் நினைவும் நீதிமன்றின் வழியாகவே மீட்கப்பட வேண்டியிருந்தது. அங்கே உண்ணாவிரதமிருந்த பரமேஸ்வரன் சுப்பிரமணியம் மறைவாக உணவு உண்டார் என இரு இலண்டன் நாளேடுகள் அவ்வாண்டு இறுதியில் எழுதின. பொலிஸாரிடம் அதற்கான ஒளிப்பதிவு உண்டு என்றும் கூறப்பட்டது. அப்படியொரு பதிவு இல்லை எனப் பொலிஸ் தரப்பே தெரிவித்தது. 2010 ஜூலையில் ‘டெய்லி மெயில்’ 47,500 பவுணும் ‘தி சன்’ 30,000 பவுணும் இழப்பீடாக அளித்து மன்னிப்புக் கோரின. இடைப்பட்ட மாதங்களில் இலண்டன் தமிழர் பள்ளிகளிலும் பணியிடங்களிலும் கேட்ட ஏளனத்துக்கு அத்தீர்வில் இடமில்லை. இன்றும் அப்போராட்டத்தைப் பற்றிப் பேசுகையில் முதலில் பொய்ச்செய்தியை நினைவுகூர்ந்து பின்னரே திருத்தத்தைச் சொல்வோர் உளர்.

5. தொகுத்தோரும் தொகுக்கப்படாதவையும்

அச்சிட்டவற்றைத் தொகுப்பதில் பிரித்தானியத் தமிழர் சளைக்கவில்லை. இரா. பத்மநாப ஐயர் பல்லாண்டுகள் ஈழத்து நூல்களைத் தேடிச் சேர்த்ததோடு, நியூஹாம் தமிழர் நலன்புரிச் சங்கத்தின் வெளியீடாகப் பெருந்தொகுப்புகளையும் பதிப்பித்தார். நூலகர் என். செல்வராஜா ‘நூல்தேட்டம்’ வரிசையில் தொகுதிக்கு ஆயிரம் நூல்கள் என ஈழத்தமிழர் நூல்களுக்குக் குறிப்புரை எழுதி வந்தார். இலண்டன் தமிழ்த் தகவல் நடுவம் வை. வரதகுமாரின் உழைப்பில் செய்தித் துணுக்குகளையும் மனித உரிமை அறிக்கைகளையும் காத்தது. 2019இல் அவர் மறைந்தார். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் கடல் கடந்தோர் யாவருக்கும் அத்தொகுப்புகளின் பயனைக் கொணர்ந்தது. எரிந்த நூலகத்தின் நினைவு நூல் சேகரிப்பையே நினைவுப் பணியின் மாதிரியாக்கிற்று. அதில் வியப்பில்லை. ஆனால் அம்மாதிரிக்குள் அச்சேறாத வாக்குமூலம் அடங்கவில்லை.

அடங்காமைக்கு வேறு காரணங்களும் உண்டு. புகலிடக் கோப்பு தரப்பு பார்ப்பதில்லை. இராணுவத்திடமிருந்து தப்பியவரின் கூற்றும், பிள்ளையை இயக்கம் பிடித்துச் செல்லும் என்று அஞ்சி ஓடியவரின் கூற்றும், மாற்று இயக்கத்தவரின் கூற்றும், 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் கூற்றும் ஒரே அலமாரியில் கிடக்கின்றன. நினைவேந்தல் மேடையில் இவை ஒருங்கே இடம்பெறுவது அரிது. கோப்புகளைத் திறக்கக் கோருவோர் தமக்கு உவப்பானவற்றை மட்டும் திறக்கக் கோர இயலாது.

பெயர் பற்றிய சிக்கல் இன்னொன்று. தமிழர் மரபில் நினைவேந்தல் என்பது பெயர் சொல்லி, படம் வைத்து, விளக்கேற்றுவது. தீர்ப்பாயமோ பாதுகாப்புக்காகப் பெயரை இரண்டெழுத்தாகச் சுருக்குகின்றது: ‘ஜி.ஜே.’ (2013), ‘கே.கே.’, ‘ஆர்.எஸ்.’ (2021) என்றே நாட்டு வழிகாட்டுத் தீர்ப்புகள் அறியப்படுகின்றன. தந்தையைச் சுட்டி ஒருவரை அடையாளம் காட்டுவதற்குத் தமிழர் கையாளும் முதலெழுத்து, இங்கே அடையாளத்தை மறைக்கப் பயன்படுகின்றது. இம்மறைப்பைக் குறைகூறவும் முடியாது. புலம்பெயர் அரசியலில் குறிப்பிடத்தக்க பங்காற்றுவோர் நாடு திரும்பினால் ஆபத்துக்கு உள்ளாகலாம் என அவ்வழிகாட்டுத் தீர்ப்புகளே ஒப்புகின்றன. நினைவேந்தலில் முன்நிற்பதே ஒருவரின் புகலிட வழக்கில் சான்றாகின்றது. அதே செயல் ஊரிலுள்ள உறவினருக்கு விசாரணையைக் கொண்டுவரவும் கூடும்.

6. சட்டம் எட்டும் ஆண்டுகள்

2001ஆம் ஆண்டின் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றச் சட்டத்தின்கீழ், பிரித்தானியக் குடிமக்களோ இந்நாட்டில் வதிவோரோ வேறு நாட்டில் செய்த போர்க்குற்றங்களை இங்கே விசாரிக்கலாம். 2009இல் செய்யப்பட்ட திருத்தம் அச்சட்டத்தின் எட்டுகையை 1991 ஜனவரி 1 வரை பின்னே நீட்டியது. யாழ்ப்பாணத்தில் பி.பி.சி.க்குச் செய்தி வழங்கிவந்த மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபர் 19 அன்று கொல்லப்பட்டமை தொடர்பில், 2022 பெப்ரவரியில் நோர்தாம்ப்டன்ஷயரில் ஒருவரை இலண்டன் பெருநகரப் பொலிஸார் கைதுசெய்து பின்னர் விசாரணை நிலுவையில் விடுவித்தது இத்திருத்தத்தாலேயே இயன்றது. இதன் மறுதலையும் கவனத்துக்குரியது. சித்திரவதைக்கென 1988இல் இயற்றப்பட்ட சட்டப்பிரிவுகூட அவ்வாண்டு செப்டெம்பர் இறுதியிலிருந்தே நடைமுறைக்கு வந்தது. ஆகவே 1983 ஜூலை வெலிக்கடைச் சிறைக்கொலைகளோ 1985 மே மாதக் குமுதினிப் படகுக் கொலைகளோ இவற்றுள் எதற்கும் எட்டா. ஹார்விச் கப்பலில் அடைபட்டிருந்தோர் எதற்கு அஞ்சி ஓடிவந்தனரோ அக்காலம் பிரித்தானியக் குற்றவியல் சட்டத்தின் நினைவுக்கு வெளியே உள்ளது. அவர்களுக்கு எஞ்சுவது வரலாறு மட்டுமே.

ஏனைய வழிகளும் அரைகுறையாகவே முடிந்தன. 2018 பெப்ரவரி 4 அன்று இலங்கைத் தூதரகத்தின் முன் ஆர்ப்பாட்டக்காரரை நோக்கிக் கழுத்தறுப்புச் சைகை காட்டிய பாதுகாப்பு இணைப்பாளர் பிரியங்க பெர்னாண்டோ மீதான தனிவழக்கில் 2019 டிசம்பரில் குற்றத்தீர்ப்புக் கிடைத்தது. 2021 மார்ச்சில் உயர் நீதிமன்று அதை நீக்கியது. 2025 மார்ச் 24 அன்று சவேந்திர சில்வா, வசந்த கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய ஆகிய முன்னாள் தளபதிகள் மூவர் மீதும், கருணா எனப்படும் விநாயகமூர்த்தி முரளிதரன் மீதும் பிரித்தானியா பயணத்தடையும் சொத்து முடக்கமும் விதித்தது. தடை என்பது நிருவாக ஆணை. அங்கே சாட்சி கூண்டேறுவதில்லை. ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2021 மார்ச்சில் 46/1 தீர்மானத்தால் தொடங்கிய சான்று சேகரிப்புப் பணியே எதிர்கால வழக்குகளை எண்ணிச் சாட்சியங்களைக் காப்பது. பின்னர் அடுத்தடுத்த தீர்மானங்களால் அது நீட்டிக்கப்பட்டது.

அப்பணிக்கும் புகலிடக் கோப்புக்கும் இடையே பாலம் ஒன்றுண்டு. அது அரசின் கையில் இல்லை. 2018ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் எவரும் தம்மைப் பற்றி உள்துறை அமைச்சு வைத்திருக்கும் பதிவின் படியைக் கோரலாம். தாம் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் சொன்னவற்றைப் பெற்று, மொழிபெயர்ப்பில் சிதைந்தவற்றைத் தமிழில் திருத்திச் சொல்லி, யாருக்கு எந்த நிபந்தனையில் எப்போது திறக்கலாம் எனத் தாமே குறித்து, ஒரு காப்பகத்தில் ஒப்படைப்பது இன்றே செய்யக்கூடிய வேலை. கொழும்பும் இலண்டனும் எதை மறுத்தாலும் இதை மறுக்க இயலாது. 1980களில் வந்திறங்கிய இளைஞர் இன்று அறுபதைக் கடந்தவர்கள் என்பதால் இவ்வேலைக்குக் காலம் அதிகமில்லை.

செம்மணி இதற்கொரு சான்று. 1996இல் யாழ்ப்பாணத்தில் கைதுசெய்யப்பட்டுக் காணாமற்போனோர் ஏறத்தாழ 600 பேர் என அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 1997இல் குறித்தது. கிருஷாந்தி குமாரசுவாமி கொலைவழக்கில் 1998இல் தண்டிக்கப்பட்ட படைவீரர் சோமரத்ன ராஜபக்ச, 300 முதல் 400 வரையான உடல்கள் செம்மணியில் புதைக்கப்பட்டதாகக் கூறினார். 1999 அகழ்வில் 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன. பின்னர் விடயம் உறங்கிற்று. 2025 பெப்ரவரியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலையின்போது மனித எலும்புகள் வெளிப்பட, அவ்வாண்டு செப்டெம்பர் வரையான அகழ்வில் ஏறத்தாழ 240 எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. சிறார் எலும்புகளும் அவற்றுள் உண்டு. ஆகஸ்ட் 5ஆம் நாள் நீதிமன்றின் ஆணைப்படி, அங்கே கிடைத்த உடைகளும் பொருள்களும் உறவினர் பார்த்து இனங்காணும் பொருட்டு வைக்கப்பட்டன. நேரில் சென்று பார்த்தோர் யாழ்ப்பாணத்தில் எஞ்சியிருந்தவர்கள். 1996, 1997ஆம் ஆண்டுகளில் அக்குடாநாட்டை விட்டு வெளியேறி இலண்டனில் புகலிடம் கோரியோரிடம், பிடித்துச் செல்லப்பட்ட உறவினர் யார், எந்தச் சாவடியில், எந்த நாளில் என்று அலுவலர் கேட்டிருந்தார்; விடை எழுதப்பட்டது. அந்த விடைகளையும் செம்மணியில் விரித்து வைக்கப்பட்ட துணிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பணி இன்னும் எவராலும் தொடங்கப்படவில்லை.